அழாத பிள்ளையின் நோய்



'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. அழவும் வலியில்லாத பிள்ளையின் கதி யாது என்று அப்பழமொழி சொல்லவில்லை. மாதம் நிறையுமுன் பிறந்த குழந்தையின் குருதியில் கிருமி புகுந்துவிட்டால் அதனை எவ்வாறு அறிவது? இக்கேள்விக்கு விடை தேடியவர்களின் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு அருகில் வரலாறு கற்பித்தவன் நான். பானிபட்டுப் போர்கள் எத்தனை என்று உங்களைப் போன்றோரை ஓயாமல் கேட்டவன். ஆனால் என்னை விடாது பற்றியிருந்த வரலாறு வேறொன்று. அது பாடநூலில் இல்லை.

1967 ஆம் ஆண்டு. காவிரிக்கரையில் உள்ள மோகனூரில் எங்கள் வீடு. எனக்கு அப்போது எட்டு வயது. என் தாயார் எட்டாம் மாதத்தில் ஓர் ஆண் மகவைப் பெற்றார். ஏழு மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாதத்துப் பிள்ளை பிழைக்காது என்று ஊரார் சொன்னார்கள். இந்நம்பிக்கை நம்முடையது மட்டுமன்று. பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் காணப்படுவது. உண்மை இதற்கு நேர்மாறு. கருவறையில் கழியும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு வலிமையே சேர்க்கிறது. என் தம்பி எட்டு நாள் நன்றாகவே இருந்தான். ஒன்பதாம் நாள் காலையில் மருத்துவச்சி வந்து பார்த்து, 'பாலைக் குடிக்க மாட்டேங்குது, ஒடம்பு சில்லுனு கெடக்குது' என்றாள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, அழுகையும் இல்லை. காந்தமலை முருகனுக்கு என் பாட்டி நேர்ந்துகொண்டார். அன்று மாலையே குழந்தை இறந்துவிட்டது. 'என்ன நோய்?' என்று நான் கேட்டபோது எவரும் விடை சொல்லவில்லை. மருத்துவச்சி சொன்ன இரண்டு சொற்றொடர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றிற்கு மீண்டும் வருவோம்.

அந்நோய்க்கு மருத்துவர் வழங்கும் பெயர் செப்சிஸ். அழுகுதல் என்னும் பொருளுடைய பழைய கிரேக்கச் சொல் அது. கிருமி குருதியிற் புக, அதனை எதிர்த்து உடல் நிகழ்த்தும் போர் கட்டுக்கடங்காமல் போய், உடலின் உறுப்புகளையே கெடுப்பது அந்நோயின் இயல்பு. நிறைமாதக் குழந்தைக்கும் இது வரும். ஆயினும் குறைமாதக் குழந்தைக்கு இது மிக எளிதில் வந்துவிடுகிறது. காரணம் உண்டு. தாய் தன் வாழ்நாளில் வென்ற நோய்களுக்கு எதிரான காப்புப் புரதங்கள், நஞ்சுக்கொடியின் வழியே குழந்தைக்குச் சேர்வது பெரும்பாலும் கருக்காலத்தின் இறுதி மூன்று மாதங்களிலேதான். முன்னதாகப் பிறந்துவிட்ட பிள்ளை அச்சீதனத்தைப் பெறாமலே வந்துவிடுகிறது. அதன் தோல் மிக மெல்லியது. கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களின் சேமிப்பும் சிறியது. போர் நீண்டால் களஞ்சியம் காலியாகிவிடும்.

இவற்றினும் பெரிய இடர் ஒன்று உளது. நமக்குக் கிருமி புகுந்தால் காய்ச்சல் அடிக்கிறது. அது வீட்டாருக்கு உடல் அனுப்பும் செய்தி. குறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் காய்ச்சல் வருவதில்லை, உடல் குளிர்கிறது. மூச்சு சிறிது நேரம் நின்று மீள்கிறது. பால் செரியாமல் தங்குகிறது. இவையெல்லாம் கிருமி இல்லாத வேறு காரணங்களாலும் நிகழக்கூடியவை. அறை குளிர்ந்தாலும் பிள்ளை குளிரும். ஆகவே பார்த்த மாத்திரத்தில் துணிந்து சொல்ல ஒண்ணாது.

குருதியை எடுத்து, கிருமி வளரும் சாற்றில் இட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். அதுவே இன்றளவும் உறுதியான சான்று. ஆனால் கிருமி வளர்ந்து கண்ணுக்குப் புலனாக ஒரு நாளோ இரு நாளோ ஆகும். செப்சிஸ் அத்தனை நேரம் பொறுப்பதில்லை. தவிரவும், ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் உள்ள குருதி முழுவதும் சுமார் 85 மில்லிலிட்டர். நம் பழைய அளவையில் சொன்னால் அரை ஆழாக்கு! அதிலிருந்து ஒரு மில்லிலிட்டர் எடுப்பதற்கும் மருத்துவர் தயங்குவார். குறைந்த குருதியை இட்டால், கிருமி இருந்தும் முளைக்காமற் போகலாம்.

இங்கே அறிஞர்களுக்கு ஒரு புதிய வழி தோன்றிற்று. திருடனையே தேடுவதற்குப் பதிலாக, ஊர்க்காவலர் விழித்தெழுந்தனரா என்று பார்த்தால் என்ன? கிருமி புகுந்தவுடன் உடலின் காப்புப் படைகள் குருதியில் சில பொருள்களை வெளியிடுகின்றன. அவற்றை அளந்தால், கிருமியைக் காணாமலே அதன் வரவை அறியலாம் அன்றோ? இவ்வழிக்கு வாயில் திறந்தது ஒரு தற்செயலான கண்டுபிடிப்பு. அதில் குழந்தைகளுக்குத் தொடர்பே இல்லை.

1930 இல் நியூயார்க்கு நகரின் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் டில்லட், தாமஸ் பிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளிகளின் குருதித் தெளிநீரை ஆராய்ந்தனர். நிமோனியாக் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த, 'சி' என்று பெயரிட்ட ஒரு சத்தை அதில் கலந்தபோது நீர் கலங்கிற்று. நோய் தீர்ந்தவனின் குருதியில் அக்கலக்கம் தோன்றவில்லை. நோயுற்ற காலத்தில் மட்டும் ஏதோ ஒன்று குருதியில் வந்து, நலமுற்றதும் மறைந்துவிடுகிறது என்பது புலனாயிற்று. அது புரதம் என்று பின்னர்த் தெரிந்தது. 'சி' சத்தோடு வினைபுரிவதால் 'சி ரியாக்டிவ் புரோட்டீன்' என்று பெயர் பெற்றது. மருத்துவமனைகளில் இன்று சுருக்கமாக சி.ஆர்.பி. என்கின்றனர். இதனை உண்டாக்குவது கல்லீரல். குழந்தை மருத்துவருக்கு இதில் ஒரு நன்மை உண்டு: தாயின் சி.ஆர்.பி. நஞ்சுக்கொடியைக் கடந்து வருவதில்லை. ஆகவே குழந்தையின் குருதியில் கண்டது குழந்தையினுடையதே.

இன்னொரு சான்று இதனினும் எளியது. குருதியை ஒரு கண்ணாடிக் குழலில் நிறுத்தி வைத்தால் செவ்வணுக்கள் மெல்லக் கீழே படியும். நோயுற்றவனின் குருதியில் அவை விரைந்து படியும். போலந்து நாட்டு பியர்னாட்ஸ்கி 1897 இல் இதனை எழுதினார். சுவீடன் நாட்டு ஃபாரேயஸ் 1918 இல் மீண்டும் கண்டார். அவர் தேடியது வேறு, பெண் கருவுற்றிருப்பதை அறியும் சோதனை ஒன்று! தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று என்பது அறிவியல் வரலாற்றில் வழக்கமான செய்தி. பிற்காலத்தில் இச்சோதனையைப் பச்சிளங் குழந்தைக்கு ஏற்பச் சுருக்கினர். குதிகாலில் ஒரு குத்து. ஒரு சாண் நீளமும் இல்லாத நுண்குழலில் சில துளிகள். ஒரு மணி நேரம் நிமிர்த்தி வைத்து, எத்தனை மில்லிமீட்டர் படிந்தது என்று பார்த்தல். குழந்தையின் வயதை நாளில் எண்ணி மூன்றைக் கூட்டிக்கொள். முதல் சில நாள்களில் அதற்கு மேற்படின் ஐயுறு என்பது நம் நாட்டில் கைக்கொண்ட கணக்கு. மின்சாரமோ பெரிய கருவியோ வேண்டாத இச்சோதனை இந்திய மருத்துவமனைகளுக்கு மிக உதவிற்று.

மூன்றாவது சான்று வெள்ளணுக்கள் தருவது. போர் மும்முரமானால் எலும்பு மச்சை, முதிராத இளம் வெள்ளணுக்களையும் களத்துக்கு அனுப்பிவிடுகிறது. பெரியோர் தீர்ந்தபின் பள்ளிச் சிறுவரைப் போருக்கு அனுப்புவது போன்றது இது. ஐந்தில் ஒன்றுக்கு மேல் இளையவையாக இருப்பின் ஆபத்தின் அறிகுறி. அமெரிக்காவின் டல்லாசு நகரில் மன்ரோ முதலியோர் 1979 இல் பச்சிளங் குழந்தைகளின் வெள்ளணுக் கணக்கை முறைப்படுத்தி வெளியிட்டனர்.

மறு ஆண்டு, 1980 இல், அலிஸ்டர் பிலிப், ஹியூவிட் என்னும் இருவர் செய்த வேலையை இவ்வரலாற்றின் நடுத்தூண் என்பேன். தனித்தனியே எச்சான்றும் நம்பத்தக்கதன்று என்று கண்டு, ஐந்து சோதனைகளை ஒருங்கே செய்தனர். ஐந்தில் இரண்டாவது பிழைபட்டால் நோய் உண்டென ஐயுறுவது அவர்கள் வகுத்த விதி. ஒரு சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொல்லாமல் இரு சாட்சி கேட்கும் ஊர்ப் பஞ்சாயத்தாரின் விவேகம்தான் இது.

அவர்கள் பெற்ற விடையை மாணவர்கள் சற்று ஊன்றிக் கேட்க வேண்டும். உண்மையில் நோயுற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 93 பேரை இவ்விதி காட்டிக்கொடுத்தது. ஆயினும் 'நோய் உண்டு' என்று விதி கைகாட்டிய குழந்தைகளில் மெய்யாகவே நோயிருந்தது நூற்றுக்கு 39 பேருக்கே. மற்றவர் மீது வீண்பழி! அதே வேளையில் 'நோய் இல்லை' என்று விதி சொன்னபோது அச்சொல் நூற்றுக்கு 99 முறை மெய்யாயிற்று. இச்சோதனைகள் குற்றவாளியைச் சுட்டுவதில் தடுமாறுகின்றன. நிரபராதியை விடுவிப்பதிலோ வல்லவை. பலரும் இதனைக் குறையாகவே கருதினர். நான் அவ்வாறு கருதவில்லை. ஏன் என்பதைப் பின்னர்க் கூறுகிறேன்.

அதே 1980 இல் நம் நாட்டில் பச்சிளங் குழந்தை மருத்துவர்கள் கூடித் தேசிய அமைப்பு ஒன்றைத் தொடங்கினர். வெள்ளணுத் தொகை, நியூட்ரோபில் தொகை, இளம் அணுக்களின் வீதம், நுண்குழற் படிவு, சி.ஆர்.பி. ஆகிய ஐந்தில் இரண்டு என்னும் முறை நம் மருத்துவக் கல்லூரிகளிலும் பாடமாயிற்று.

ஆயினும் ஆய்வுக்கூடமே இல்லாத ஊரில் என் செய்வது? இதற்கு விடை மகாராட்டிரத்தின் காடு சூழ்ந்த கட்சிரோலி மாவட்டத்திலிருந்து வந்தது. அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர் 1995 முதல் 39 சிற்றூர்களில் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, வீடு வீடாகச் சென்று பச்சிளங் குழந்தைகளைப் பார்க்கச் செய்தனர். நோய் என்று தெரிந்தால் பெற்றோரின் இசைவோடு அப்பெண்களே ஊசி மருந்து இட்டனர். குருதிக் கிருமி நோயுற்ற குழந்தைகளில் இறந்தோர் நூற்றுக்கு 16.6 ஆக இருந்தது 2.8 ஆகக் குறைந்தது என்று 1999 இல் அவர்கள் வெளியிட்டபோது உலகம் வியந்தது. பின்னர், எந்த அறிகுறிகளை நம்பலாம் என்று ஆராய்ந்து ஏழினைத் தேர்ந்தனர். ஏழில் இரண்டு ஒருங்கே தோன்றினால் மருந்து தொடங்கலாம். இங்கும் இரு சாட்சி! அவ்வேழில் ஒன்று, பால் குடிப்பது குறைதல் அல்லது நிற்றல். மற்றொன்று, உடல் குளிர்ந்திருக்கிறது எனத் தாய் சொல்லுதல்.

எங்கள் ஊர் மருத்துவச்சி 1967 இல் சொன்னவை இவ்விரண்டே. அவள் நோயைச் சரியாகவே கண்டாள். கண்டபின் செய்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை.

நிற்க. ஆய்வுக்கூடங்களின் கதை இதனோடு முடியவில்லை. சி.ஆர்.பி.க்கு ஒரு குறை உண்டு; அது தாமதமாக எழும். கிருமி புகுந்தபின் ஆறு முதல் எட்டு மணி நேரம் கழித்தே ஏறத் தொடங்கி, உச்சியை அடைய ஒன்றரை நாள், இரண்டு நாள் ஆகும். மிக முந்திப் பிறந்த குழந்தையில் அது எழுவதும் மெலிவாகவே. ஆகவே முன்னரே எழும் செய்தியை நாடினர். 1986 இல் ஜப்பானின் ஒசாகா நகரில் ஹிரானோ, கிஷிமோட்டோ குழுவினர் இன்டர்லூக்கின்-6 என்னும் பொருளை இனங்கண்டனர். கல்லீரலைத் தட்டியெழுப்பி சி.ஆர்.பி.யை உண்டாக்கச் செய்யும் தூதுவன் அது. தூதுவனையே வழியில் மறித்து விசாரித்தால் செய்தி விரைவிற் கிடைக்கும்; ஆனால் அவன் ஒரு நாளுக்குள் மறைந்துவிடுகிறான். சற்றுத் தாமதித்து எடுத்த குருதியில் அவன் சுவடே இராது. ஒன்று மிக முந்தியது, மற்றொன்று மிகப் பிந்தியது. ஆதலின் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் பல இடங்களில் ஏற்பட்டது.

1993 இல் பாரிசு நகரத்தார் புரோகால்சிடோனின் என்னும் பொருளைச் சுட்டினர். தைராய்டுச் சுரப்பியின் ஓர் இயக்குநீருக்கு முன்னோடியான இது, பாக்டீரியா நோயில் பன்மடங்கு பெருகுகிறது. இதிலும் ஒரு சிக்கல்: பிறந்த முதல் இரு நாள்களில் நோயற்ற குழந்தையின் குருதியிலும் அது தானாகவே ஏறி இறங்குகிறது. எனவே மணிக்கணக்கில் வயதைப் பார்த்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும். சி.டி.64 என்று மற்றொன்று உண்டு. கிருமியைக் கண்ட வெள்ளணு தன் மேனியில் மிகுதியாக முளைக்கச் செய்யும் கொக்கி அது. மிகச் சில துளிக் குருதியே அதற்குப் போதும் என்பது அரையாழாக்குக் குழந்தைக்குப் பெரும் பேறு. ஆனால் அளக்கும் கருவியோ விலை மிக்கது.

இத்தனை இருந்தும், ஒரே சோதனையால் ஐயமறத் தீர்ப்புச் சொல்லும் பொருள் இன்றுவரை அகப்படவில்லை. ஐயம் என்றாலே எல்லாக் குழந்தைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டால் என்ன, எதற்கு இத்தனை அளவைகள் என்று நீங்கள் கேட்கலாம். நெடுங்காலம் அப்படித்தான் செய்தனர். அதன் விளைவை டெல்லியில் 2011 முதல் 2014 வரை மூன்று பெரிய மருத்துவமனைகள் கூடி நடத்திய ஆய்வு காட்டிற்று. தீவிரக் கவனிப்பில் சேர்க்கப்பட்ட 13,530 பச்சிளங் குழந்தைகளில் நூற்றுக்கு 14.3 பேருக்கு செப்சிஸ். குருதியில் கிருமி முளைத்துக் காட்டியதோ நூற்றுக்கு 6.2 பேரில் மட்டுமே. அவ்வாறு முளைத்த கிருமிகளுள் முதலிடம் பெற்றது அசினெட்டோபாக்டர். அக்கிருமியில் நூற்றுக்கு 82 பங்கு பல மருந்துகளுக்கும் அசையாதவையாக இருந்தன. வேண்டாத இடத்தில் மருந்தைத் தெளித்துக் கிருமிகளுக்கு நாமே போர்ப்பயிற்சி அளித்துவிட்டோம்.

இத்தவறு மருத்துவமனைகளில் மட்டும் நிகழ்ந்ததன்று. நாமக்கல் வட்டாரம் முட்டைக்குப் பெயர் பெற்றது; ஆதலின் இதனை இங்குச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கொலிஸ்டின் என்றொரு மருந்து உண்டு. வேறெதற்கும் அடங்காத கிருமிகளுக்கு இறுதியாக எடுக்கும் ஆயுதம் அது. நம் நாட்டில் அதனைக் கோழித் தீவனத்திலும் கலந்துவந்தனர். 2019 சூலைத் திங்களில் நடுவண் அரசு, உணவுக்கென வளர்க்கும் உயிர்களுக்கு அம்மருந்தைத் தடை செய்தது.

'நோய் இல்லை' என்று உறுதியாகச் சொல்லும் சோதனையின் அருமை இப்போது உங்களுக்கு விளங்கும். மருந்தை எப்போது தொடங்குவது என்பதைவிட, எப்போது துணிந்து நிறுத்துவது என்பது இன்று கடினமான கேள்வியாகிவிட்டது. 1998 இல் அமெரிக்காவில் பெனிட்சு முதலியோர் 1,186 குழந்தைகளைப் பார்த்து ஓர் உண்மையை நிறுவினர். ஒரு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு சி.ஆர்.பி. அளவுகளும் தாழ்ந்திருந்தால் அக்குழந்தைக்குக் குருதிக் கிருமி நோய் இல்லை என்பது நூற்றுக்கு 98க்கு மேல் உறுதி. 2017 இல் ஐரோப்பிய நாடுகளிலும் கனடாவிலும் 1,710 குழந்தைகளிடம் புரோகால்சிடோனின் அளவைத் துணையாகக் கொண்டபோது மருந்து கொடுத்த நேரம் 65 மணியிலிருந்து 55 மணியாகக் குறைந்தது. பத்து மணி நேரந்தானா என்று எண்ணிவிடாதீர்கள். ஆண்டுதோறும் பிறக்கும் குழந்தைகளின் தொகையால் அதனைப் பெருக்கிப் பாருங்கள். ஆனால் அவ்வாய்வில் சேர்க்கப்பட்டவர் 34 வாரம் கடந்து பிறந்தோரே. மிக முந்திப் பிறந்தோர்க்கு அதே விதி பொருந்துமா என்பது தனியே ஆராயத்தக்கது.

என் மகள் வயிற்றுப் பேத்தி 32 வாரத்தில் பிறந்தாள். எடை 1,400 கிராம். ஐந்தாம் நாள் அவள் உடல் குளிர்ந்தது, பால் செரிக்கவில்லை. எனக்கு 1967 கண்முன் வந்து நின்றது. குருதி எடுத்தனர், மருந்து தொடங்கினர். எத்தனை துளி எடுத்தீர்கள் என்று செவிலியை நான் கேட்டதற்கு, 'ஒரு மில்லிதாங்க ஐயா' என்றார். முதல் சி.ஆர்.பி. தாழ்ந்திருந்தது. நான் மகிழ்ந்தேன், மருத்துவர் மகிழவில்லை. 'இது சீக்கிரம் எடுத்த அளவு. நாளைக்கும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்றார். மறுநாள் எடுத்ததும் தாழ்ந்தே இருந்தது. வளர்ப்புச் சாற்றில் இரண்டு நாளாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் மருந்தை நிறுத்திவிட்டனர். 'நிறுத்தலாமா? இன்னும் சில நாள் கொடுத்தால் நல்லதன்றோ?' என்று வாதாடியவன், வரலாறு கற்பித்த இந்த நானேதான். இல்லாத நோய்க்கு மருந்து எதற்கு என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அவர் என் மாணவர்களின் வயதொத்தவர்.

அன்று மாலை என் மகள் பாலாடையில் தாய்ப்பால் எடுத்துச் சிறிது சிறிதாகப் புகட்டினாள். பன்னிரண்டு மில்லிலிட்டர் உள்ளே சென்றதாகச் செவிலி குறிப்பேட்டில் எழுதினார். அடுத்த வேளைக்கு இன்னும் அரை மணி இருக்கையிலேயே குழந்தை அழுதது.